மலைத்தடத்தில் டயர் காலை வாரினால்: அறிகுறி பார்த்து வைத்தியம்

போன ஐப்பசியில் பூப்பாறைக்கு மேலே மாமாவின் ஏலத்தோட்டத்துக்குப் போகிற மண் தடத்தில் என் பழைய மகிந்திரா தார் ஜீப்பின் பின் டயரில் காற்று இறங்கியது. மழை வேறு பிடித்துக்கொண்டது. கொஞ்சம் சமதளமாக வரட்டும், அங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று முந்நூறு மீட்டர் அப்படியே உருட்டிக்கொண்டு போனேன். கழற்றிப் பார்த்தால் டயரின் தரைப்பக்கத்தில் ஓர் இரண்டங்குல ஆணி, அவ்வளவுதான். ஒரு ஸ்ட்ரிப், அதாவது டியூப் இல்லாத டயரின் ஓட்டையில் திணித்து அடைக்கும் பசை ரப்பர் திரி, போட்டால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை. ஆனால் மறுநாள் போடி பஞ்சர் கடையில் டயரைப் பிரித்து உள்ளே கையை விட்டபோது ஒரு பிடி கறுப்புத் தூள் வந்தது. பக்கச்சுவர் மடிந்து மடிந்து உள்ளுக்குள் அரைபட்டிருக்கிறது. ஆணிக்குத் தப்பிய டயரை நானே கொன்று வைத்திருந்தேன்.

அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: நின்றுவிடுங்கள். அடுத்த வளைவு வரைக்கும் என்று கூடப் போகாதீர்கள். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வண்டியில் இருக்க வேண்டியவை: நன்றாக வேலை செய்யும் காற்றழுத்தக் கேஜ், பேட்டரியில் நேராகக் கவ்விப் பிடிக்கும் 12 வோல்ட் கம்ப்ரசர், ஸ்ட்ரிப் கிட், வால்வு ஊசி (வால்வுக்குள் இருந்து காற்றை அடைக்கும் சின்ன ஊசி) கழற்றும் சாவி, இரண்டு மூன்று உபரி வால்வு ஊசிகள், ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகை, சக்கரத்துக்கு முட்டுக் கட்டை இரண்டு, லாரிக்காரர்கள் பாரம் கட்டும் ராட்செட் பட்டை ஒன்று, நாலைந்து ஷாம்பு பாக்கெட். சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் கம்ப்ரசரை நம்பி மலைக்கு வராதீர்கள், பாதிக் காற்றில் ஃபியூஸ் போய்விடும். எதுவானாலும் காற்றடிக்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும், இல்லையென்றால் டயர் நிரம்பிவிடும், வண்டி கிளம்பாது.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, ஆனால் சத்தமும் இல்லை, ஓட்டையும் தெரியவில்லை

நாலு சக்கரத்திலும் கேஜ் வைத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். மலைக்கு வந்ததும் எண் மாறும், அது இயல்பு. குளிர் ஐந்தாறு டிகிரி கூடினால் கிட்டத்தட்ட ஒரு பிஎஸ்ஐ (கேஜ் காட்டும் காற்றழுத்த அளவு) குறையும். உயரம் இரண்டாயிரம் அடி ஏறினால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், கேஜில் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ கூடும். போடியில் மதிய வெயிலில் 32 வைத்துவிட்டு மேலே பனியில் விடியற்காலை பார்த்தால் இந்த இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு 31, 30 என்று எங்கேயாவது நிற்கும். நாலும் சேர்ந்து ஒன்றிரண்டு இறங்கியிருந்தால் கவலை வேண்டாம். மூன்று 31-இல் நிற்க ஒன்று மட்டும் 25 காட்டினால் குளிர் மேல் பழி போடாதீர்கள், அதில் ஓட்டை இருக்கிறது.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு பாக்கெட் ஷாம்பைப் பாட்டில் தண்ணீரில் கலக்கிக்கொள்ளுங்கள். முதலில் டயரை 35 வரை நிரப்புங்கள், அழுத்தம் இருந்தால்தான் குமிழ் வரும். வால்வின் வாயில் ஒரு சொட்டு, பிறகு ரிம்மும் டயரும் சேரும் விளிம்பு சுற்றி, பிறகு தரைப்பக்கம் முழுக்க. வண்டியை அரை அரைச் சுற்றாக நகர்த்தி அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஷாம்பு இல்லையா, தேயிலை எஸ்டேட் லைன் வீடு எதிலாவது கேளுங்கள். கேரளப் பக்கமாக இருந்தால் "சேட்டா, குறச்சு சோப்பு வெள்ளம்" என்றாலே போதும், பாதிப் பேர் தமிழிலேயே பதில் சொல்வார்கள், கூடவே கட்டன் சாயாவும் வரும்.

தேனிச் சமவெளியில் சுற்றிவிட்டு மேலே ஏறியவர்கள் குறிப்பாகச் சீமைக்கருவேல முள்ளைத் தேடுங்கள். முள் உள்ளே ஒடிந்து, வெளியே ஒரு கறுப்புப் புள்ளி மட்டும்தான் தெரியும். ஒரு டயரில் ஒன்று கிடைத்தால் இன்னும் இரண்டு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புஸ்ஸென்று இரைகிறது, ஆணியோ முள்ளோ கண்ணுக்கே தெரிகிறது

பார்த்ததும் பிடுங்கத் தோன்றும். பிடுங்காதீர்கள். பல நேரம் ஆணியே மூடியாக இருந்து காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கும். கிட்டைப் பிரித்து, ஸ்ட்ரிப்பை ஊசியில் கோத்து, பசை தடவி, கம்ப்ரசரை மாட்டித் தயாராக வைத்துக்கொண்டு பிறகு கை வையுங்கள். ஓட்டை தரையில் உருளும் பகுதியில் இருக்க வேண்டும், பென்சில் தடிமனுக்கு மேல், அதாவது சுமார் 6 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு பிடுங்குங்கள். அதே சாய்வில்தான் அரம் போன்ற துளைக்கருவி போக வேண்டும். நேராகக் குத்தினால் பக்கத்தில் புதிதாக ஒரு பாதை போட்டுவிடும், உள்ளே இருக்கும் கம்பி வலை அறுந்துவிடும். ஐந்தாறு தடவை திருகி இழுங்கள். கைக்கு வலிக்கும், முதல் தடவை உள்ளே போகவே போகாது, அது சரியான அறிகுறி. சிலர் இந்த வேலையைச் சோம்பலில் விட்டுவிட்டு ஸ்ட்ரிப்பை அழுத்துவார்கள். துளையின் சுவர் சொரசொரப்பாக இல்லாவிட்டால் பசை பிடிக்காது.

இப்போது ஸ்ட்ரிப் கோத்த ஊசியை உள்ளே தள்ளுங்கள், இரண்டு வால்களும் ஒரு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வரை. பிறகு ஒரே வெடுக்கில், திருகாமல், ஊசியை மட்டும் இழுங்கள். மெதுவாக இழுத்தால் ஸ்ட்ரிப்பும் கூடவே வந்துவிடும். வால்களை டயரோடு ஒட்ட நறுக்க வேண்டாம், கொஞ்சம் மிச்சம் விடுங்கள், ஓட ஓடத் தேய்ந்துகொள்ளும். காற்றடித்து ஷாம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். குமிழ் வந்தால் அதே ஓட்டையில் பக்கத்திலேயே இரண்டாவது ஸ்ட்ரிப்.

டயருக்குள் ஊற்றும் பசைத் திரவம் ஒன்று விற்கிறதே, அது எப்படி என்று கேட்பார்கள். வேறு வழியே இல்லாதபோது பரவாயில்லை. ஆனால் அது உள்ளே போன டயரைப் பிரிக்கும் பஞ்சர் கடைக்காரர் முகத்தை ஒரு தடவை பார்த்தால் அப்புறம் வாங்க மாட்டீர்கள்.

ஸ்ட்ரிப் போட்டும் திரும்ப இறங்குகிறது

மூன்று காரணங்கள்தான். துளையைச் சரியாக அராவவில்லை, ஓட்டை ஸ்ட்ரிப்பை விடப் பெரியது, அல்லது வேறெங்கோ இரண்டாவது ஓட்டை. மூன்றாவதுதான் அதிகம் நடக்கும், கிடைத்த ஒன்றை அடைத்த சந்தோஷத்தில் மற்றதைத் தேட மறந்துவிடுகிறோம்.

பக்கச்சுவர் கிழிந்திருக்கிறது

மலைத்தடத்தில் உண்மையான தலைவலி இதுதான். பாறையின் கூர் விளிம்பு ஒரு காரணம். நம் பக்கத்தில் இன்னொரு காரணம், கவாத்து வெட்டிய தேயிலைச் செடி. கவாத்துக்குப் பிறகு நிற்கும் தண்டுகள் விரல் தடிமனில் சாய்வாகச் சீவியிருக்கும், பார்த்தால் மூங்கில் ஈட்டி மாதிரி. எதிரே ஜீப் வருகிறது என்று தடத்தின் ஓரத்துக்கு ஒதுங்குவோம், தண்டு பக்கச்சுவரில் சத்தமில்லாமல் ஏறிவிடும். பிடிமானத்துக்காகக் காற்றைக் குறைத்து ஓட்டினால் டயர் வயிறு போல் வெளியே பிதுங்கி நிற்பதால் இன்னும் சுலபமாக மாட்டும். அதனால் தேயிலைக்கு நடுவே ஒதுங்கும்போது கூட இருப்பவரை இறக்கி ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பக்கச்சுவர்க் கிழிசலுக்கு நிரந்தர வைத்தியம் கிடையாது. எந்தக் கடைக்காரர் ஒட்டித் தருகிறேன் என்றாலும் நம்பாதீர்கள், அந்த இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து நிமிர்கிறது, ஒட்டு நிற்காது. ஸ்டெப்னியை மாட்டுங்கள், கிழிந்ததைத் தூக்கிப் பின்னால் போடுங்கள், விஷயம் முடிந்தது.

ஸ்டெப்னி ஏற்கெனவே போய்விட்டது, இது இரண்டாவது என்றால்? அப்போது மலை இறங்குவதற்கு மட்டும் இரண்டு வழி உண்டு. கிழிசல் ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஸ்ட்ரிப்புகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இறுக்கமாகத் திணியுங்கள், இரண்டோ மூன்றோ, கசிவு குறையும் வரை. இங்கே துளையை அராவ வேண்டாம், பக்கச்சுவரில் இருப்பது மெல்லிய நூல் அடுக்குதான், அராவினால் கிழிசல் நீளும். காற்று 18, 20-க்கு மேல் ஏற்றாதீர்கள். நடை வேகம், ஒவ்வொரு இரண்டு கிலோமீட்டருக்கும் இறங்கிப் பார்ப்பது.

கிழிசல் அதைவிடப் பெரிது என்றால் பழைய லாரிக்காரர் வழிதான். டயரின் ஒரு பக்கத்தை ரிம்மிலிருந்து விடுவித்து, ரப்பர் வால்வை அறுத்தெடுத்துவிட்டு, கிழிசலுக்கு உள்பக்கம் பழைய டயரின் ஒரு துண்டை, கெய்ட்டர் என்பார்கள், முட்டாகக் கொடுத்து, உள்ளே ஒரு டியூப் போட்டுக் காற்றடிப்பது. டியூப் கிழிசல் வழியாகப் பிதுங்காமல் அந்தத் துண்டு தாங்கும். டயரை ரிம்மிலிருந்து கைக்கருவியால் விடுவிப்பது பெரும்பாடு. கழற்றிய சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்து, ரிம்மை ஒட்டிப் பக்கச்சுவரில் ஜாக்கியை நிறுத்தி, மேலே வண்டியின் பம்பருக்கு முட்டுக் கொடுத்து ஏற்றினால் வண்டியின் கனமே அழுத்திக் கழற்றிவிடும். டியூப் போடுவதற்கு முன் உள்பக்கம் முழுக்கத் தடவிப் பாருங்கள், பழைய ஸ்ட்ரிப்பின் முனையோ கம்பியோ நீட்டிக்கொண்டிருந்தால் அது டியூபைக் குத்திவிடும். எல்லாம் முடிந்தாலும் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள்.

எந்த ஒட்டுப் போட்ட டயராக இருந்தாலும் இறக்கத்தில் அதை முன்னால் வைக்காதீர்கள். இறங்கும்போது கனம் முழுக்க முன் சக்கரத்துக்குப் போகிறது, பிரேக்கும் ஸ்டீரிங்கும் அதை நம்பித்தான் இருக்கின்றன. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவும் இறங்க வேண்டியிருந்தால் சோம்பல் படாமல் பின்சக்கரம் ஒன்றோடு மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

பக்கச்சுவரில் கொப்புளம் மாதிரி புடைத்திருக்கிறது

உள்ளே நூல் அறுந்துவிட்டது. காற்று இறங்கவில்லையே என்று ஓட்டாதீர்கள், அது வெடிக்கும், எப்போது என்பதுதான் தெரியாது. ஸ்டெப்னி.

டயர் முழுசாக இருக்கிறது, ஆனால் ரிம்மை விட்டுக் கழன்றுவிட்டது

காற்றை 15-க்குக் கீழே இறக்கிவிட்டு, சரிவில் குறுக்காகப் போனாலோ, கல்லில் மாட்டிக்கொண்டு ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தாலோ இது நடக்கும். நம் மலைத்தடங்களுக்கு 20, 22 போதும், 15 வரை இறக்குவது ஆற்று மணலுக்கு. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் டயரைக் கிழிக்காமல் சரிசெய்யக்கூடிய நோய் இது.

சக்கரத்தைத் தூக்குங்கள், கழற்ற வேண்டியதில்லை. டயர் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையில் போயிருக்கும் சேறு, சருகு, பொடிக்கல் எல்லாவற்றையும் துணியால் துடைத்து எடுங்கள், முன்பக்கம் மட்டும் துடைத்துவிட்டுப் பின்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். ஒரு மிளகளவு கல் இருந்தாலும் அந்த இடத்தில் காற்று நிற்காது. விளிம்பு முழுக்க ஷாம்புத் தண்ணீர் தடவுங்கள். வால்வு ஊசியைக் கழற்றிவிடுங்கள், அப்போதுதான் காற்று வேகமாக உள்ளே பாயும். சின்னக் கம்ப்ரசருக்கு இது பெரிய உதவி.

அடுத்து ராட்செட் பட்டையை டயரின் நடுவில், உருளும் பகுதியைச் சுற்றி, ஒட்டியாணம் மாதிரி கட்டி முறுக்குங்கள். நடுப்பகுதி உள்ளே அமுங்க அமுங்க இரண்டு விளிம்பும் வெளியே விரிந்து ரிம்மைத் தொடும். பட்டை இல்லையென்றால் தடித்த கயிற்றைச் சுற்றி ஒரு கம்பைச் சொருகி முறுக்கலாம், கை வலி கூடும், வேலை நடக்கும். காற்றடியுங்கள். அழுத்தம் ஏறத் தொடங்கி டயர் ரிம்மைப் பிடித்துக்கொண்டதும் பட்டையைத் தளர்த்திவிடுங்கள், கட்டியபடியே ஏற்றாதீர்கள். பிறகு "டக்" என்று ஒரு சத்தம், சற்றுக் கழித்து இன்னொரு "டக்". இரண்டும் கேட்க வேண்டும், ஒரு பக்கத்துக்கு ஒன்று. கேட்டதும் குழாயைக் கழற்றுங்கள், காற்று போய்விடும், ஆனால் விளிம்பு உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். ஊசியைத் திரும்ப மாட்டிக் காற்றை நிரப்புங்கள். 40 பிஎஸ்ஐ தாண்டியும் உட்காரவில்லை என்றால் மேலும் ஏற்றாமல் காற்றை விட்டுவிட்டுத் துடைப்பதிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். இந்த நேரம் முழுக்க விரல்கள் விளிம்புப் பக்கம் போகக் கூடாது.

பெட்ரோலைத் தெளித்துக் கொளுத்தி "டமால்" என்று உட்கார வைக்கும் வித்தையை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். மாசி பங்குனியில் காய்ந்த புல் மலையில் நின்றுகொண்டு அதைச் செய்ய நினைக்கிறவரோடு நான் பயணம் போக மாட்டேன்.

ரிம் ஓரம் மடங்கி, அந்த இடத்தில் மட்டும் கசிகிறது

இரும்பு டிஸ்க் என்றால் பிழைத்தீர்கள். சுத்தியலால், அது இல்லாவிட்டால் ஒரு கல்லும் வீல் ஸ்பேனரும் வைத்து, மடங்கியதை மெதுவாகத் தட்டி நிமிர்த்தலாம், காற்று நின்றால் போதும், அழகு வேண்டாம். அலாய் என்றால் தட்டாதீர்கள், விரிசல் விடும். அலாயில் ஏற்கெனவே விரிசல் தெரிந்தால் அந்தச் சக்கரத்தின் ஓட்டம் அன்றோடு சரி.

எங்குமே ஓட்டை இல்லை, வால்வில் குமிழ் வருகிறது

குமிழ் வால்வின் வாயில் வந்தால் ஊசி தளர்ந்திருக்கிறது, சாவியால் இறுக்குங்கள், நிற்காவிட்டால் புது ஊசி. ஐந்து ரூபாய் சமாசாரத்துக்கு ஸ்டெப்னி மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். குமிழ் வால்வின் அடியில், ரிம்மில் நுழையும் இடத்தில் வந்தால் கல் உரசி ரப்பர் கிழிந்திருக்கிறது, அதற்கு டயரைப் பிரிக்காமல் வழி இல்லை. மூடியை எப்போதும் போட்டு வையுங்கள், சேறு உள்ளே போனால்தான் ஊசி ஒழுங்காக மூடாது.

பழைய ஜீப், டியூப் டயர், வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது

6.00-16 நைலான் டயர் போட்ட பழைய ஜீப்புகள் இன்னும் மலையில் நிறைய ஓடுகின்றன. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகிறவற்றில் பார்க்கலாம். அவற்றில் காற்றைக் குறைக்கும் நாகரிகம் செல்லாது. காற்று குறைந்தால் டயர் ரிம்மின் மேல் வழுக்கிச் சுற்றும், டியூபையும் இழுத்துக்கொண்டு போகும், வால்வு ரிம் துளையில் மாட்டி அடியோடு பிய்ந்துவிடும். சாய்ந்த வால்வு அதற்கு முந்தைய எச்சரிக்கை. காற்றை முழுக்க இறக்கி, டயரைத் தளர்த்தி, வால்வை நேராக்கி, திரும்ப நிரப்புங்கள். வால்வு அடியில் பிய்ந்த டியூபை ஒட்ட முடியாது, வேறு டியூப்தான்.

ஸ்டெப்னி மாற்ற வேண்டும், ஆனால் தடம் சாய்வாக இருக்கிறது

பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் கியர் வண்டியைப் பிடிக்கும் என்று நம்பாதீர்கள். தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும், டிஃபரென்ஷியல், அதாவது இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர், வழியாகப் பிடிமானம் போய்விடும். ஹேண்ட்பிரேக் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இறக்கப் பக்கம் கட்டை வைத்து, கட்டையைக் காலால் உதைத்து இறுக்கிய பிறகு ஜாக்கியைத் தொடுங்கள். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். ஈரச் செம்மண்ணில் பலகை இல்லாமல் ஜாக்கி வைத்தால் ஜாக்கி மண்ணுக்குள் போகும், வண்டி அங்கேயே நிற்கும். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல் உட்காரும், உங்கள் மேல் இல்லை.

ஸ்டெப்னி மற்ற மூன்றை விடத் தேயாமல் புதிதாக இருந்தால், தார் ரோட்டுக்கு வந்ததும் 4 வீல் டிரைவை எடுத்துவிடுங்கள். பின் ஆக்ஸிலில் லாக்கிங் டிஃபரென்ஷியல் உள்ள வண்டியென்றால் அளவு மாறிய டயரைப் பின்னால் போடாமல் இருப்பது நல்லது.

இனி அந்த விலக்கு. ஆனையிறங்கல், சின்னக்கானல் பக்கம் டயர் போனால் நான் சொன்ன சட்டம் எல்லாம் செல்லாது. பெயரிலேயே யானை இருக்கிறது. மாலை மங்கிய பிறகு அங்கே இறங்கி நட்டுக் கழற்றிக்கொண்டிருக்காதீர்கள், டயர் கிழிந்து தொங்கினாலும் பரவாயில்லை, ரிம்மிலேயே உருட்டி ஆள் இருக்கும் கடைப் பக்கம் போய் நில்லுங்கள். டயரும் ரிம்மும் வாங்கிக்கொள்ளலாம். வனத்துறைத் தடங்களில் அனுமதி இல்லாமல் நுழைந்து இந்த நிலைக்கு ஆளானவர்களுக்கு என்னிடம் அறிகுறியும் இல்லை, வைத்தியமும் இல்லை.

கீழே இறங்கியதும் பஞ்சர் கடையில் ஸ்ட்ரிப் போட்ட டயரைப் பிரித்து உள்பக்கம் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சுத்தமாக இருந்தால் ஸ்ட்ரிப்பை எடுத்துவிட்டுக் காளான் வடிவ ஒட்டு உள்ளேயிருந்து போடச் சொல்லலாம், அது டயரின் ஆயுள் வரை நிற்கும். கறுப்புத் தூள் இருந்தால் பேரம் பேசாமல் டயரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். மாற்றிய சக்கரத்தின் நட்டுகளை 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை இறுக்குங்கள், அப்படியே ஸ்டெப்னியிலும் கேஜ் வைத்துப் பாருங்கள். என் ஸ்டெப்னியில் அன்று 14-தான் இருந்தது.